தேன்கூட்டுக்கு ஓரம் கட்டியவர்

அவருக்குத் தேன்கூடு என்று பெயர் வைத்தவர் அவர் ஓட்டிய பஸ்ஸின் கண்டக்டர். கெட்ட எண்ணத்தில் வைத்ததல்ல. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் மற்ற டிரைவர்கள் டீக்கடைப் பக்கம் கூட்டமாக நகர்வார்கள். இவர் மட்டும் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஸ்டியரிங் மேல் ஒரு துண்டை விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவுள்ள ஆறுமூலைத் துணிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருப்பார்.

“அண்ணே, பார்த்து. கூட்டைக் கலைச்சா கொட்டிடப் போகுது” என்று கண்டக்டர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து டிப்போ முழுக்க அதுவே பேராகிவிட்டது.

சிகரெட்டை விட்டபோது ஆரம்பித்த வேலை அது. நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிய டாக்டர், “கையைச் சும்மா வெச்சிருக்காதீங்க, அது பழைய வேலையைத்தான் தேடும்” என்றார். அந்தச் சமயத்தில் அவர் வண்டியில் தினமும் வந்த ஒரு பயணி அம்மா, வண்டி கிளம்பும்வரை முன் இருக்கையில் உட்கார்ந்து இப்படித் துணித் துண்டுகளைக் காகிதத்தின் மேல் மடித்துத் தைப்பார். இவர் கேட்டதும் ஒரே ஒருமுறை செய்து காட்டினார். ஆறுமூலையாக ஒரு காகிதம் வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் மேல் துணியை வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து நூலோட்ட வேண்டும். அப்படிச் செய்த இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் சின்னச் சின்னதாகத் தைத்தால் முடிந்தது. காகிதத்தைப் பிறகு உருவிவிடலாம்.

துணிக்குப் பஞ்சமில்லை. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே சூப்பர்வைசர். வெட்டி மிஞ்சிய துண்டுகள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆனால் மனைவிக்கு இதில் துளியும் விருப்பம் கிடையாது. “பகல் முழுக்கத் துணியோட மாரடிச்சிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா இங்கேயும் அதே முகமா?” என்பார். என்றாலும் பையில் நாலு துண்டு எடுத்து வராமல் இருக்க மாட்டார். நீலம், சாம்பல், வெள்ளைக் கோடு, எப்போதாவது ஒரு சிவப்பு.

மனைவிக்கு உண்மையான பயம் வேறு. தன் கணவர் தொடங்குவதில் புலி என்பதும், முடிக்கும் இடம் வந்தால் அந்தப் புலி பூனையாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். சமையலறை அலமாரிக்கு இன்னும் கதவு வரவில்லை. வாசல் கம்பிக்கதவு பாதி பச்சை, பாதி துரு. ஒருமுறை ஆர்மோனியம் வாங்கி வந்து, பாதிப் பாட்டுவரை கற்றுக்கொண்டார். அந்தப் பாதிப் பாட்டை இன்றைக்கும் குளிக்கும்போது பாடுவார். சரியாகப் பாதியில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்.

ஆனால் இந்தப் போர்வை மட்டும் வளர்ந்தது. பஸ்ஸிலேயே வளர்ந்தது. ஒரு துண்டு தைத்தால் ஒரு துண்டு முடிந்தது என்பதுதான் அதிலிருந்த சுகம். முடிக்கத் தெரியாத மனிதருக்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை எதையாவது முடிக்கிற பாக்கியம் கிடைத்தது. கடைசி வரிசையைச் சேர்த்துக் கட்டில் மேல் விரித்தபோது, அது இரண்டு பேர் படுக்கும் கட்டிலைத் தாண்டிச் சரிந்து நின்றது. மனைவி கதவு நிலையில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, “நீ புது வீட்டுக்குப் போறப்ப உங்க மாமா கையால தைச்ச போர்வை வருது பாரு” என்று சொல்லியும்விட்டார். தம்பி அடுத்த மாதம் புது வீட்டுக்குக் குடிபோவதாக இருந்தார்.

“யாரைக் கேட்டுச் சொன்ன?” என்றார் தேன்கூடு.

“ஒருத்தர்கிட்ட சொல்லிட்டாத்தானே நீங்க முடிப்பீங்க? இன்னும் என்ன, ஓரம் மட்டும்தானே பாக்கி?”

ஓரம் மட்டும்தான் பாக்கி. ஆனை போய் வால் மாட்டிக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறுமூலைத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த போர்வைக்கு நேரான விளிம்பு எந்தப் பக்கத்திலும் இருக்காது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ரம்பப் பல்லைப் போல மேலேறி இறங்கும். இடமும் வலமும் ஒரு துண்டு வெளியே, ஒரு துண்டு உள்ளே என்று, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இத்தனை மாதமும் அவர் நடுவை மட்டுமே பார்த்தார். ஓரம் என்று ஒன்று இருப்பதே, கீழே பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் வைத்து, நடுநடுவே முடிச்சுப் போட்டு மூன்றையும் இணைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி ஒரு பார்வை பார்த்தார். “நேரா வெட்டிட்டு ஒரு பட்டி வெச்சு அடிச்சிடுங்க. நான் மெஷின்ல போட்டா ஒரு டீ குடிக்கிற நேரம்.”

“வெட்டறதா? ஓரத்துல இருக்கிறதெல்லாம் பாதிப் பாதியாப் போயிடுமே.”

“போனா என்ன? அதுக்கு வலிக்கவா போகுது?”

“பாதியோட நிக்கிறதைப் பார்க்கணும்னா நம்ம அலமாரி இருக்கு” என்றார் அவர். தன்னைத்தானே கேலி செய்துகொண்டதுபோல்தான் சொன்னார். ஆனால் அதில் ஒரு வீம்பு இருந்தது. இந்த ஒன்றையாவது முழுசாகச் செய்தே தீர வேண்டும். ஒவ்வொரு மூலையும் மூலையாகவே நிற்க வேண்டும்.

முதலில் கிராஸ் பீஸ் வைத்தார். குறுக்காக வெட்டிய துணிப்பட்டி வளைந்து கொடுக்கும் என்று மனைவியே சொல்லியிருந்தார். வெளியே நீட்டிய மூலைகளில் அது சொன்னபடி கேட்டது. திரும்பியது, மடிந்தது, கூர்மையாக உட்கார்ந்தது. இரண்டு மூலை முடிந்ததும் அவருக்குப் பாட்டே வந்துவிட்டது. மூன்றாவதாக வந்தது உள்மூலை. இரண்டு துண்டுகளுக்கு நடுவே பள்ளமாக இறங்குகிற இடம். அங்கே பட்டி சுருங்கி, முகம் சுளித்த மாதிரி நின்றது. பிரித்துத் தைத்தார். மறுபடியும் சுளித்தது. இழுத்துத் தைத்தால் போர்வையே குவிந்து கிண்ணமானது. தளர்த்தித் தைத்தால் பட்டி பையைப் போலத் தொங்கியது.

“பள்ளத்துல ஒரு சின்ன வெட்டு கொடுங்க, விரிஞ்சு கொடுக்கும்” என்றார் மனைவி, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொடுத்தார். விரிந்தும் கொடுத்தது. அந்தத் தைரியத்தில் அடுத்த பள்ளத்திலும் கொடுத்தார். கத்தரி நுனி ஒரு நூல் அதிகமாகப் போய்விட்டது. அதுவரை ஒழுங்காக இருந்த தையல் வாயைத் திறந்து உள்ளேயிருந்த பஞ்சைக் காட்டியது. அவர் பஞ்சை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு கத்தரியை மேஜை மேல் வைத்தார். வைத்த சத்தத்தில் மனைவி டி.வி.யின் ஒலியைக் குறைத்தார்.

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலை. நீ பாரு.”

தைத்த பட்டி முழுவதையும் அன்றைக்கே பிரித்துப் போட்டார்.

பிறகு தையற்காரரிடம் போனார். அடுத்த தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவர். எப்பேர்ப்பட்ட துணியையும் விரலால் நீவிப் பார்த்து விலை சொல்கிற கைக்காரர். போர்வையை வாங்கி விரித்தார். இடம் போதாமல் பாதி தெருவுக்கு வந்தது. ஓரத்தை ஒரு முழம் தடவிக்கொண்டே போனவர், அங்கேயே நின்றார்.

“சார், நான் உங்களுக்கு ஏதாவது கெடுதல் பண்ணியிருக்கேனா?”

“ஏங்க?”

“இது தையல் இல்லை சார், தண்டனை. நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊசியை நிறுத்தி, மெஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பணும். என் மெஷினுக்கே தலை சுத்திடும். நேரா வெட்டிக் கொடுங்க, இப்பவே அடிச்சுத் தர்றேன்.”

“வெட்டாம முடியாதா?”

“முடியாதுன்னு சொல்லலை. என்னால முடியாதுன்னு சொல்றேன்.” தையற்காரர் போர்வையை மரியாதையாக மடித்துக் கையில் கொடுத்தார். ஊரில் இருக்கிற எல்லாருமே வெட்டு, வெட்டு என்றுதான் சொல்கிறார்கள் என்று தேன்கூட்டுக்குத் தோன்றியது. அன்று டூட்டியில் ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டார். இறங்க வேண்டியவர்கள் கண்டக்டரைப் பிடித்து ஏசினார்கள்.

“அண்ணே, ஓரத்தை விட்டுட்டு ரோட்டைப் பாருங்க” என்று கண்டக்டர் மெதுவாகச் சொன்னார். அதற்கும் இவருக்குக் கோபம் வந்தது. சொன்னது நியாயம் என்பதால் கூடுதலாகவே வந்தது.

மூன்றாவது வழியை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். தனியாகப் பட்டியே வேண்டாம். மேல்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியையும் அதே வடிவத்தில் வெட்டி உள்ளே மடித்து, இரண்டு மடிப்பையும் வாயோடு வாய் வைத்துக் கையாலேயே தைத்துவிடலாம். துண்டுகளைச் சேர்த்த அதே தையல்தான். கைக்குப் பழகியது. யோசித்ததும் அவருக்கு மனசு லேசாகிவிட்டது.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் தான் செய்த முட்டாள்தனம் தெரிந்தது. போர்வை முடிந்த சந்தோஷத்தில் எல்லாக் காகிதத்தையும் உருவிவிட்டிருந்தார். நடுவில் இருப்பவற்றை உருவலாம், சுற்றிலும் தையல் பிடித்து வைத்திருக்கும். ஓரத்து வரிசையில் இருந்தவற்றை உருவியிருக்கவே கூடாது. அவற்றின் வெளிப்பக்க மடிப்பைப் பிடித்து வைக்க அந்தக் காகிதத்தைத் தவிர வேறு நாதியில்லை. இப்போது மடிப்பெல்லாம் அவிழ்ந்து, நூல் பிரிந்து, தலைவாராத பிள்ளைகள் மாதிரி நின்றன. உருவிய காகிதங்கள் பழைய பேப்பர்க்காரரோடு எப்போதோ போய்விட்டன. காகிதம் வெட்டுவதற்கு வைத்திருந்த தகர அச்சும் எங்கே என்று தெரியவில்லை.

பழைய காலண்டர் தாளை எடுத்தார். தைத்து முடிந்த ஒரு துண்டின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, புதிதாக வெட்டினார். மடித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு ஒவ்வொரு பக்கமும் பெரிதாகிவிட்டது. ஒரு துண்டில் அது தெரியவில்லை. நாலு துண்டு தாண்டியதும் ஓரம் அலை அலையாக எழும்பியது. எல்லாவற்றையும் கோட்டுக்கு உள்ளே மறுபடி வெட்டினார். துணியைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, மடித்து, நூலோட்டினார். அடித்துணியை மடித்தார். உள்மூலை வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினார். இந்தத் தடவை சரியாக வந்தது. பள்ளத்தில் நெருக்கமாக மூன்று தையல் போட்டு இழுத்தார். அடங்கி உட்கார்ந்தது.

ஆக, முடியும். அதுதான் கொடுமை. முடியவே முடியாது என்றிருந்தால் விட்டுத் தொலைத்திருக்கலாம். வேலை முடிந்து வந்து, விளக்கு வைத்த நேரத்திலிருந்து சாப்பாடு வரை உட்கார்ந்தால், ஒரு சாண் நகர்ந்தது. பஸ்ஸுக்கும் எடுத்துப் போக முடியாது. விரித்தால் வண்டியே நிரம்பிவிடும். தனித்தனித் துண்டாக இருந்தபோது அது அவருக்குத் துணையாக இருந்தது. இப்போது வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்கிற மாமியாராகிவிட்டது.

தம்பி குடிபோகும் ஞாயிறு நெருங்கியது. அதற்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமை மாலை, தலைமாட்டுப் பக்கம் தொடங்கிய இடத்திலிருந்து பாதிகூட வரவில்லை. அன்றைக்குப் போட்ட தையலில் ஒரு மூலை முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் பிதுங்கியது. பிரித்தார். பிரிக்கும்போது துணி ஒரு இழை கிழிந்தது. ஊசி விரலில் ஏறியது. வெள்ளைக் கோட்டுத் துண்டில் ஒரு பொட்டு ரத்தம் பட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவியின் தம்பி.

“மாமா, கட்டில் வாங்கிட்டேன். போர்வை என்ன அளவுன்னு சொன்னீங்கன்னா…”

“அப்புறம் பேசறேன் மாப்ள” என்று போனை வைத்தார்.

பிறகு அவர் செய்ததை அவரே பிற்பாடு யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. எழுந்துபோய் மனைவியின் பெரிய கத்தரியை எடுத்து வந்தார். கால்மாட்டுப் பக்கத்தைத் தரையில் விரித்தார். ரம்பப் பல் நுனிகளை எல்லாம், பள்ளத்தை ஒட்டினாற்போல், ஒரே நேராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டிக்கொண்டே போனார். கறுக் கறுக் என்று மூன்று துணியையும் சேர்த்து நறுக்கிய சத்தம் அவருக்கே நன்றாக இருந்தது. அதுவும் முடியும் வரைதான். முடிந்து திரும்பிப் பார்த்தால், தரை முழுக்க முக்கோணங்கள்.

மனைவி வேலை முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கவே இல்லை.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நீதானே சொன்ன. வெட்டுங்க வெட்டுங்கன்னு.”

“நான் ஆயிரம் சொல்லுவேன். நான் சொன்னதை எல்லாம் கேக்கிற ஆளா நீங்க? அலமாரிக்குக் கதவு போடுங்கன்னுகூடத்தான் சொன்னேன்.”

“இப்ப எதுக்கு அந்த அலமாரி?”

“எத்தனை நாள் வண்டியில உக்காந்து தைச்சீங்க. கண்ணு போச்சு, இடுப்பு போச்சு. ஒரு நிமிஷத்துல வெட்டிப் போட்டுட்டு நான் சொன்னேன்னு என் தலையில கட்டறீங்களா?” அவர் குரல் உடைந்தது. அவருக்கு இத்தனை துக்கம் வரும் என்று தேன்கூடு எதிர்பார்க்கவில்லை. மனைவியேகூட எதிர்பார்த்திருக்க மாட்டார் போலிருந்தது. முக்கோணம் ஒன்றைக் கையில் எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கீழே போட்டார்.

தேன்கூடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “ஒட்டித் தைச்சுடலாமா?” என்றார் சின்னக் குரலில்.

“தலையை வெட்டிட்டு ஒட்டறதா?” மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டுப்பட்ட ஓரத்தைக் கையில் எடுத்தார். உடனே அவர் முகம் மாறியது. “நூலெல்லாம் கழண்டு வருது பாருங்க. கைத்தையலை நடுவுல வெட்டினா நிக்குமா? எழுந்திருங்க. அந்தப் பக்கம் பிடிங்க, இழுக்காம.”

புடவையைக்கூட மாற்றவில்லை. மெஷினைத் திறந்து, வெட்டிய விளிம்பில் ஒரு தையல் ஓட்டினார். போர்வையின் பாரத்தைத் தேன்கூடு தோளில் தூக்கிக்கொண்டு மெஷினைச் சுற்றி நகர்ந்தார். பிறகு மனைவி நீலத் துணியில் ஒரு பட்டி வெட்டி, வைத்து, அடித்தார். நிஜமாகவே ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக, நேராக, ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தேன்கூட்டுக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

“மத்த மூணு பக்கமும் இப்படியே அடிச்சுடவா?” என்று மனைவி கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார்.

தேன்கூடு தரையில் கிடந்த முக்கோணங்களைப் பொறுக்கத் தொடங்கினார். “வேண்டாம்” என்றார் கடைசியில்.

“அப்ப தம்பிகிட்ட என்ன சொல்ல?”

“அப்புறம் வரும்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு போனார்கள். “மாமா போர்வை?” என்று கேட்டதற்கு, “ஓரத்துல நிக்குது” என்று அக்கா சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த பக்கங்களைத் தைக்க மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அதில் இன்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்மூலைகள் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்று அமைந்தால் அடுத்தது சண்டித்தனம் செய்தது. சில நாள் ஒரே மூலையைத் தைத்து, பிரித்து, தைத்து, பிரித்து, தொடங்கிய இடத்திலேயே ஊசியைக் குத்திவிட்டு எழுந்து போனார். இரண்டு தடவை போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு தடவையும் மனைவி எடுத்து நாற்காலி மேல் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல். வாயால் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார். சும்மா வைத்துவிட்டுப் போனதால் மறுக்க ஆளில்லாமல் போனது.

முடிந்த நாளும் விசேஷமாக இல்லை. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கட்டிலில் விரித்தார். மூன்று பக்கம் மூலை மூலையாக. ஒரு பக்கம் நேராக. தூரத்தில் நின்று பார்த்தால் அழகுதான். கிட்டத்தில் அவர் கண்ணுக்கு, பிதுங்கிய இடங்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன.

“முடிஞ்சது” என்றார்.

மனைவி ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் சட்டைக் காலரைச் சோதிக்கிற அதே விரல். ஒரு இடத்தில் நின்றது, தாண்டிப் போனது. “பாஸ்” என்றார்.

தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தம்பியின் மனைவி விரித்துப் பார்த்து, “இத்தனையும் கையாலயா அண்ணா?” என்று இரண்டு முறை கேட்டார். தேன்கூடு தலையை மட்டும் ஆட்டினார்.

சில மாதம் கழித்து இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போனபோது போர்வை கட்டிலில் இருந்தது. தம்பியின் மனைவி வெகு சுத்தக்காரி. தலையணைகள் அணிவகுத்து நின்றன. போர்வை முரசுத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்து விரிக்கப்பட்டிருந்தது. நாலு பக்க ஓரமும் மெத்தைக்கு அடியில் கச்சிதமாகச் செருகப்பட்டிருந்தது. ஒரு மூலை, ஒரு பள்ளம், ஒரு தையல் வெளியே தெரியவில்லை.

தேன்கூடு அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மனைவி அவரைப் பார்த்தார். பிறகு ஏதோ சரிசெய்வதுபோலக் குனிந்து, ஒரு பக்க ஓரத்தை மெத்தையடியிலிருந்து உருவித் தொங்கவிட்டார்.

“ஐயோ அண்ணி, அதை நான்தான் உள்ள விட்டேன்” என்று தம்பியின் மனைவி ஓடி வந்து மறுபடி செருகினார். “நுனி நுனியாத் தொங்குச்சு. குழந்தை பிடிச்சு இழுத்துடும்னு பயம். அண்ணா கஷ்டப்பட்டுத் தைச்சது, கெட்டுப்போகக் கூடாதுல்ல?”

“அதுவும் சரிதான்” என்றார் தேன்கூடு. கொடுத்த காபியைக் குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாய் ஒன்று சொட்டுவதாகத் தம்பியிடம் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் ஏறினால் அவருக்குக் கால் சும்மா இருக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன?”

“நாலு பக்கமும்” என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

“சிரிக்காதே” என்றார் தேன்கூடு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு நிறுத்தம்வரை வரவில்லை.